கற்பிப்போர் கற்ற பாடம்

 

தொடக்க வகுப்புகளில் வாசிப்பைக் கற்பித்தலும், அதற்கென ஆசிரியர் பெறவேண்டிய பயிற்சியும் இவ்வுரையின் பொருளாகும். குழந்தைக்கு வாசிக்க வரவில்லை என்றால் உலகம் முதலில் குழந்தையை நோக்கும். அடுத்துப் பெற்றோரை நோக்கும். பின்னர்ப் பாடநூலைக் குறை கூறும். ‘வாசிக்கக் கற்பிக்கும் முறையை அந்த ஆசிரியருக்கு யார் கற்பித்தார்?’ என்னும் வினா அரிதாகவே எழும். அமெரிக்க நாட்டின் பெத்லகேம் என்னும் நகரம் 2015ஆம் ஆண்டில் அவ்வினாவைத் தன்னையே கேட்டுக்கொண்டது. அந்நகரில் நிகழ்ந்தவற்றை 2018இல் எமிலி ஹேன்ஃபோர்டு என்னும் பத்திரிகையாளர் ஒரு வானொலி ஆவணத்தின் வழியே நாடறியச் செய்தார்.

பெத்லகேம், பென்சில்வேனியா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் உள்ளது. மொரேவியச் சமயக் குழுவினர் 1741ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் முன்னிரவில் பெயரிட்ட ஊர் ஆதலின், இயேசு பிறந்த ஊரின் பெயரைப் பெற்றது. பிற்காலத்தில் அது எஃகு நகரமாயிற்று. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு எஃகு அளித்த பெத்லகேம் ஸ்டீல் நிறுவனத்தின் ஊர் அதுவே. 1995இல் அங்கே எஃகு உருக்கும் உலைகள் அணைந்தன. 2001இல் நிறுவனமே நொடித்தது. இவ்வரலாறு ஈண்டு எதற்கெனில், அவ்வூரில் வளமான குடும்பங்களும் வறிய குடும்பங்களும் அருகருகே வாழ்கின்றன என்பதை நினைவிற்கொள்வதற்கே.

அந்நாட்டில் ‘பள்ளி மாவட்டம்’ எனப்படுவது இங்குள்ள வருவாய் மாவட்டம் போன்றதன்று. ஓரிரு ஊர்களின் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பே அது. அதற்கென மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம் உண்டு, வீட்டின் மீதும் நிலத்தின் மீதும் விதிக்கும் வரி உண்டு, கண்காணிப்பாளர் உண்டு. பென்சில்வேனியாவில் மட்டும் அத்தகைய மாவட்டங்கள் 500 உள்ளன. பெத்லகேம் பள்ளி மாவட்டத்தில் தொடக்கப் பள்ளிகள் 16. எந்த முறையில் கற்பிப்பது, ஆசிரியருக்கு எந்தப் பயிற்சி அளிப்பது என்பனவற்றுள் பெரும்பகுதியை மாவட்டமே முடிவு செய்யலாம். குறை நேர்ந்தால் தலைநகரைச் சுட்டித் தப்பித்துக்கொள்ளவும் இயலாது.

2015இல் அம்மாவட்டத்தின் தலைமைக் கல்வி அலுவலராக இருந்தவர் ஜாக் சில்வா. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாநிலம் நடத்திய வாசிப்புத் தேர்வின் முடிவு அவர் கைக்கு வந்தது. உரிய நிலையை எட்டியோர் நூற்றுக்கு 56 பேர் மட்டுமே. எஞ்சிய 44 பேருக்கு என்ன காரணம்? அம்மாவட்டத்தில் வழக்கமாகக் கூறப்பட்ட விடை வறுமை என்பது. வீட்டில் நூல் இல்லை, பெற்றோருக்கு நேரமில்லை, பல பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்றெல்லாம் கூறப்பட்டது. இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆயினும் பள்ளிவாரியாகப் புள்ளிகளைப் பிரித்துப் பார்த்தபோது வேறோர் உண்மை புலப்பட்டது. வளமான குடும்பத்துப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளிலும் வாசிக்க இயலாதோர் பலர் இருந்தனர். வறுமையை மட்டுமே காரணமாக்கி அமைதியுறும் வாய்ப்பு அத்தோடு அற்றுப்போயிற்று.

மாவட்டத்தின் எழுத்தறிவுப் பணிக்குப் பொறுப்பேற்றிருந்த கிம் ஹார்ப்பர், முடிவுகள் மிகக் குறைந்திருந்த ஒரு பள்ளியில் ஆசிரியர் கூடிப் பேசும் நாளன்று சென்று அமர்ந்தார். கதையில் அறியாத சொல் வரும்போது குழந்தை என்ன செய்யவேண்டும் என்பதே அன்றைய பேச்சு. படத்தைப் பார்த்து ஊகிக்கச் சொல்லவேண்டும் என்றனர் ஆசிரியர். குதிரை எனப் பொருள்படும் ‘ஹார்ஸ்’ என்னும் சொல் தாளில் இருக்கிறது. குழந்தை அதனை வீடு எனப் பொருள்படும் ‘ஹவுஸ்’ என்று வாசித்தால் தவறு. மட்டக் குதிரையைக் குறிக்கும் ‘போனி’ என்று வாசித்தாலோ அது சரி! பொருள் ஒன்றுதானே என்பது அவர்கள் கொண்ட நியாயம்.

‘போனி’ என்று கூறிய குழந்தை தாளில் இருந்த ஓர் எழுத்தையேனும் பார்த்திருக்கத் தேவையில்லை. அது வாசித்தது படத்தையே. முதல் வகுப்பில் படம் இருக்கும், ஊகம் பலிக்கும், ஆசிரியரும் பாராட்டுவார். நான்காம் வகுப்பில் படம் மறையும்; அறிவியல் பாடமும் வரலாற்றுப் பாடமும் நீண்ட சொற்களோடு வந்து நிற்கும். அப்போது ஊகிக்க எதுவுமிராது. அதுவரை ‘நன்றாக வாசிக்கிற பிள்ளை’ எனப் பெயர் பெற்ற குழந்தை, தனக்கு அறிவில்லை என்று எண்ணத் தொடங்கும். மூன்றாம் வகுப்புத் தேர்வின் பின்னுள்ள துயரம் இதுவேயாகும்.

அந்த ஆசிரியர்கள் சோம்பேறிகளோ, அக்கறை அற்றவர்களோ அல்லர். கல்வியியல் கல்லூரியில் தாம் கற்றதையே அவர்கள் செய்தனர். படம் பார்த்து ஊகிக்கும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1967இல் கென்னத் குட்மன் என்னும் அறிஞர், வாசிப்பை ஓர் ஊக விளையாட்டு என விளக்கினார். தேர்ந்த வாசகர் ஒவ்வோர் எழுத்தையும் பார்ப்பதில்லை. பொருளையும் தொடரமைப்பையும் கொண்டு அடுத்த சொல்லை முன்கூட்டியே ஊகிக்கிறார் என்பது அவர் கொள்கை. கேட்பதற்கு இனிய கொள்கை. எழுத்துகளை ஒலித்து ஒலித்துக் குழந்தையைச் சலிப்பூட்ட வேண்டியதில்லை, நல்ல கதைகளை அதன் கையில் கொடுத்தால் பேச்சு வந்தது போலவே வாசிப்பும் தானே வரும் என்னும் நம்பிக்கை இதனின்றும் கிளைத்தது. ஆயிரக்கணக்கான வகுப்பறைகளுக்கு அது பரவியது.

அதே 1967இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜீன் சால் அம்மையார், அதுவரை நிகழ்ந்த ஆய்வுகளைத் தொகுத்து, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை முறையாகக் கற்பிக்கும் வகுப்புகளே தொடக்கத்தில் மேம்பட்டு நிற்கின்றன என்று எழுதினார். எனினும் கல்வியியல் கல்லூரிகளுள் பல அவர் வழியில் நடக்கவில்லை. பின்னர்க் கீத் ஸ்டனோவிச், ரிச்சர்டு வெஸ்ட் என்னும் இருவர் குட்மன் கொள்கையைச் சோதித்தனர். தேர்ந்த வாசகரே சூழலைக் கொண்டு மிகுதியாக ஊகிப்பர் என்று எதிர்பார்த்தே அவர்கள் ஆய்வில் இறங்கினர். கண்டது நேர்மாறானது. தேர்ந்தவர் சொல்லைப் பார்த்தவுடன் அறிகின்றனர்; ஊகத்தை நம்பியிருப்போர் வாசிக்கத் தடுமாறுவோரே. ஆக, வகுப்பறையில் நற்பழக்கம் என்று கற்பிக்கப்பட்டது, தடுமாறும் வாசகரின் பழக்கமாய் இருந்தது! எதிர்பார்த்ததற்கு மாறாக வந்த முடிவை மறைக்காமல் வெளியிட்ட அவ்விருவரின் நேர்மை இங்குப் போற்றத்தக்கது.

பேச்சும் எழுத்தும் ஒரு தன்மையன அல்ல. பேச்சுச் சூழலில் வளரும் குழந்தைக்குப் பேச்சு தானே வரும். எழுத்து மனிதன் கண்டமைத்த கருவி. எழுத்தில்லாத மொழிகள் இன்றும் உண்டு. கண்டமைத்ததை ஒருவர் கற்பித்தே ஆகவேண்டும். 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் பணித்த தேசிய வாசிப்புக் குழு, வாசிப்புக் கற்பித்தலின் கூறுகளை ஐந்தாக வகுத்தது. சொல்லினுள் உள்ள ஒலிகளைச் செவியால் பிரித்தறிதல், ஒலியை எழுத்தோடு இணைத்தல், தடையின்றி வாசித்தல், சொல்வளம், பொருளுணர்தல் என்பன அவை. பெரும்பாலான ஆசிரியருக்குக் கடைசி மூன்றும் பழகியவை. முதல் இரண்டிலேயே இடைவெளி இருந்தது.

தமிழ் கற்றவர்க்கு இது வியப்பாகத் தோன்றலாம். ‘க’ என்னும் எழுத்தின் பெயரும் ஒலியும் ஏறக்குறைய ஒன்றே. ‘படம்’ என்ற சொல்லில் ‘ப’, ‘ட’, ‘ம்’ என எழுத்தைக் கூட்டினால் சொல் வந்துவிடும். தமிழ்க் குழந்தையின் இடர் வேறிடத்தில் உள்ளது. 247 எழுத்துகளின் வடிவமும், கொம்பும் காலும் சுழியும் எந்த ஒலியைத் தருகின்றன என்பதும், ஒரே ககரம் ‘கடல்’ என்பதில் ஒருவாறும் ‘தங்கம்’ என்பதில் வேறொருவாறும் ஒலிப்பதும் அதன் சுமைகள். ஆங்கிலக் குழந்தையின் இடர் முற்றிலும் வேறு. எழுத்து 26, ஒலியோ ஏறத்தாழ 44. அன்றியும் எழுத்தின் பெயர் வேறு, அதன் ஒலி வேறு. ‘டபிள்யூ’ என்னும் பெயரில் அவ்வெழுத்து தரும் வகர ஒலி எங்கே இருக்கிறது? ‘எச்’ என்னும் பெயரில் அதன் மூச்சொலி எங்கே?

இவ்வவையில் அமர்ந்திருப்போர் இல்லங்களிலும் ஆங்கில வழிப் பள்ளிக்குச் செல்லும் பேரக் குழந்தைகள் உள்ளனர். ‘ஏ ஃபார் ஆப்பிள்’ என்று குழந்தை முழங்கக் கேட்டுத் தாத்தாவும் பாட்டியும் மகிழ்வர். மகிழலாம், தவறில்லை. ஆனால் ‘சி’, ‘ஏ’, ‘டி’ என்று மூன்று பெயர்களையும் எத்தனை விரைவாகச் சொன்னாலும் பூனையைக் குறிக்கும் ‘கேட்’ என்னும் சொல் பிறவாது. முதலெழுத்தின் ஒலி ககரம் என்றும், இடையெழுத்தின் ஒலி அகரத்துக்கும் ஏகாரத்துக்கும் இடைப்பட்டது என்றும் ஒருவர் காட்டித் தரவேண்டும். எழுத்தின் பெயர்கள் அனைத்தும் மனப்பாடமாகியும் எளிய சொல்லொன்றை வாசிக்க இயலாமல் விழிக்கும் குழந்தையை வீட்டார் மந்தம் என்று கருதிவிடுதல் கொடிது.

இனிப் பெத்லகேமுக்குத் திரும்பலாம். மாவட்டம் முதலில் ஆசிரியரை அழைக்கவில்லை; 16 பள்ளிகளின் தலைமையாசிரியரை அழைத்தது. 2015இல் அவர்களுக்கே முதற் பயிற்சி. தலைமையாசிரியருக்கு விளங்காத ஒன்றை ஆசிரியர் வகுப்பில் நடத்தினால், மேற்பார்வைக்கு வரும்போது அதனையே குறையாக எழுதிவிடுவார். எந்தப் பள்ளியில் பணியாற்றியவருக்கும் இது விளங்கும். தலைமையாசிரியர் சிலர் தொடக்கத்தில் ஐயத்தோடுதான் வந்தனர். புதிய முறை என்ற பெயரில் ஆண்டுதோறும் ஏதேனும் ஒன்று வந்து போவதைக் கண்டவர்கள் அவர்கள். பின்னர் ஐந்து வயதுப் பிள்ளைகள் பயிலும் மழலையர் வகுப்பின் ஆசிரியருக்குப் பயிற்சி. அதன்பின் முதல், இரண்டாம் வகுப்பு ஆசிரியருக்கு. ஒருநாள் கூட்டம், மதிய உணவு, சான்றிதழ் என்ற அளவில் அது முடியவில்லை. பள்ளியாண்டு முழுவதும் தொடர்ந்தது.

இத்தகைய பயிற்சியில் ஆசிரியர் கற்பது யாது? தம் மொழியின் ஒலியமைப்பையே அவர்கள் கற்கின்றனர். லூயிசா மோட்ஸ் அம்மையார் 1994இல் வெளியிட்ட ஆய்வு, அனுபவம் மிக்க ஆசிரியருக்கும் பேச்சொலி, எழுத்து ஆகியவற்றின் அமைப்பைப் பற்றிய அறிவு குறைவாக இருந்ததைக் காட்டியது. பிற்காலத்தில் ‘லெட்டர்ஸ்’ என்னும் பெயரில் பரவிய ஆசிரியர் பயிற்சியை உருவாக்கியவரும் அவரே. பெட்டியைக் குறிக்கும் ‘பாக்ஸ்’ என்னும் சொல்லில் எத்தனை ஒலிகள் என்று கேட்டால் பலரும் மூன்று என்பர். எழுதுவது மூன்றெழுத்து அன்றோ! உண்மையில் ஒலி நான்கு. கடைசி எழுத்து ஒன்றே ககர ஒலியும் சகர ஒலியும் சேர்ந்தது. ‘ஊடாக’ எனப் பொருள்படும் ‘த்ரூ’ என்னும் சொல்லை ஏழு எழுத்துகளால் எழுதவேண்டும், ஒலியோ மூன்றே. எழுதவும் வாசிக்கவும் நன்கறிந்த பெரியவருக்கு எழுத்தே கண்முன் நிற்கும். ஒலி செவியிற் படாது. எழுத்தறியாத குழந்தைக்கு ஒலி ஒன்றே உண்டு. அக்குழந்தையின் நிலைக்குப் பெரியவர் இறங்கி வருதல் எளிதன்று. அதற்கே பயிற்சி வேண்டும்.

எந்த ஒலி வாயின் எவ்விடத்தில் எவ்வாறு பிறக்கிறது, இதழ் இயைந்து பிறப்பன எவை, மூக்கின் வழியே வருவன எவை என்பதும் அப்பயிற்சியின் பாடம். மகரத்தையும் பகரத்தையும் மாற்றி எழுதும் குழந்தைக்கு இவ்விரண்டும் ஒரே இடத்தில் பிறப்பன என்று அறிந்த ஆசிரியர் உதவ முடியும். அறியாதவர் பத்துமுறை எழுதச் சொல்லவே முடியும். எழுத்துகளின் பிறப்பிடத்தை எழுத்ததிகாரத்தில் வகுத்து, நூலின் பாயிரத்திலேயே ஆசிரியர் தன்மை, பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கர் தன்மை ஆகியவற்றை வைத்த பவணந்தி முனிவரின் நன்னூலைப் பயின்றோர்க்கு இவ்விணைப்பு புதிதாகத் தோன்றாது. எழுத்தின் பிறப்பும் கற்பிப்போரின் இலக்கணமும் அந்நூலில் ஒருங்கே உள்ளன. புலவர் வகுப்பில் அதனைத் தேர்வுக்கெனப் படித்துவிட்டு, முதல் வகுப்பில் அகரம் சொல்லித் தரும்போது மறந்துவிடும் வழக்கம் இங்கும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

பயிற்சி பெற்ற ஆசிரியர் பலருக்கு முதலில் வந்தது மகிழ்ச்சியன்று; குற்றவுணர்வு. பத்து, இருபது ஆண்டுகளாகத் தம்மிடம் பயின்ற பிள்ளைகளின் முகங்கள் அவர்கள் நினைவில் எழுந்தன. பயிற்சி என்னும் சொல்லைத் திட்டமிடுவோர் எளிதாகப் பயன்படுத்துகின்றனர். அது ஒருவர் தம் வாழ்நாட் பணியைத் திரும்பிப் பார்க்கச் செய்வது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. பெத்லகேமில் ஆசிரியரைக் குற்றக் கூண்டில் நிறுத்தவில்லை என்பதே அம்முயற்சி நிலைத்ததற்கு ஒரு காரணம் என்று கருதலாம். கற்பிக்கப்படாத ஒன்றை அறிந்திராமை அவர்கள் குற்றமாகாது.

வகுப்பறையில் மாற்றம் எளிய வடிவிலேயே தோன்றும். எழுத்தைக் காட்டுமுன் சில மணித்துளிகள் வாய்மொழி விளையாட்டு நடக்கும். ஆசிரியர் ஒரு சொல்லைக் கூற, பிள்ளைகள் அதன் முதலொலியை நீக்கிச் சொல்வர். அல்லது மூன்று ஒலிகளைத் தனித்தனியே கூற, அவற்றைச் சேர்த்துச் சொல்லாக்குவர். பின்னர் அவ்வொலிக்குரிய எழுத்து வரும். கற்ற எழுத்துகளால் மட்டுமே அமைந்த சிறு நூல்கள் வாசிக்கத் தரப்படும். அறியாத சொல் எதிர்ப்பட்டால் ‘படத்தைப் பார்’ என்னும் கட்டளைக்கு மாற்றாக ‘எழுத்தைப் பார், ஒலித்துச் சேர்’ என்பது வரும். நல்ல கதைகளை ஆசிரியரே உரக்க வாசித்துக் காட்டுவதும் நிற்பதில்லை. சிறு நூல்கள் இலக்கியச் சுவை உடையன அல்ல, உண்மைதான். மிதிவண்டி பழகும் பிள்ளைக்குப் பின்னால் பொருத்தும் துணைச்சக்கரங்களை எவரும் அழகுக்காக வைப்பதில்லை.

விளைவு என்ன? 2015ஆம் பள்ளியாண்டின் இறுதியில் மழலையர் வகுப்புப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் எட்டவேண்டிய அளவுக்குக் கீழே இருந்தனர். 2018ஆம் பள்ளியாண்டின் இறுதியில் 84 விழுக்காட்டினர் அவ்வளவை எட்டினர் அல்லது கடந்தனர். மூன்று பள்ளிகளில் ஒரு பிள்ளையும் பின்தங்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் அவ்வூரின் வறுமை நீங்கிவிடவில்லை. சில்வா மகிழ்ந்தார், ஆயினும் அப்பிள்ளைகள் மூன்றாம் வகுப்பை அடைந்து மாநிலத் தேர்வு எழுதும்வரை வெற்றி முரசு கொட்டலாகாது என்று தம்மை அடக்கிக்கொண்டார்.

ஒரு மாவட்டத்தில் நிகழ்ந்தது ஒரு மாநிலம் முழுதும் நிகழுமா என்று வினவுவோர்க்கு மிசிசிப்பி விடையளிக்கிறது. அந்நாட்டின் மிக வறிய மாநிலங்களுள் ஒன்று அது. 2000ஆம் ஆண்டிலேயே அம்மண்ணில் பிறந்த தொழிலதிபர் ஜிம் பார்க்ஸ்டேல் வாசிப்பு நிறுவனம் ஒன்று அமைய 10 கோடி டாலர் வழங்கினார். 2013இல் மாநிலம் சட்டம் இயற்றியது. மூன்றாம் வகுப்புவரை கற்பிக்கும் ஆசிரியருக்கு லெட்டர்ஸ் பயிற்சி வந்தது. மிகப் பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநரை மாநிலமே ஊதியம் தந்து அனுப்பியது. இங்குள்ள வட்டார வள மைய ஆசிரியப் பயிற்றுநரை ஒத்த பணி. ஆனால் படிவங்களை நிரப்புவது அவர்களுடைய வேலையாக இருக்கவில்லை. வகுப்பில் அமர்ந்து பார்ப்பதும், தாமே நடத்திக் காட்டுவதும், ஆசிரியரோடு அமர்ந்து பேசுவதுமே வேலை. 2016 முதல், தொடக்கப் பள்ளி ஆசிரியராக உரிமம் பெற விழைவோர் வாசிப்புக் கற்பித்தலின் அடிப்படைகளில் தனித் தேர்வு எழுதித் தேறவேண்டும் என்றும் ஆயிற்று. அதனால் ஆசிரியரை உருவாக்கும் கல்லூரிகளும் தம் பாடத்தை மாற்ற நேர்ந்தது.

தேசிய அளவில் நான்காம் வகுப்புக்கு நடக்கும் வாசிப்பு மதிப்பீட்டில் 2013இல் மிசிசிப்பியின் சராசரி 209. நாட்டின் சராசரி 221. 2019இல் இரண்டும் 219 எனச் சமமாயின. 2024இல் நாட்டின் சராசரி 214ஆகச் சரிந்தபோதும் மிசிசிப்பி 219இல் நின்றது. இதில் ஒரு விவாதமும் உண்டு. அச்சட்டப்படி மூன்றாம் வகுப்பில் வாசிப்புத் தேர்வில் தேறாத பிள்ளைகள் அதே வகுப்பில் நிறுத்தப்படுவர். அதனால்தான் நான்காம் வகுப்பின் சராசரி உயர்ந்தது என்பர் சிலர். அந்நிறுத்தத்துக்கும் உயர்வில் ஒரு பங்கு இருக்கலாம். ஆயினும் எட்டு வயதுக் குழந்தையை ஓராண்டு நிறுத்துவதன் வலியைப் பேசுவோர், வாசிக்கத் தெரியாமல் மேல்வகுப்புக்குத் தள்ளப்படும் குழந்தையின் வலியையும் உடன்வைத்துப் பேசுதலே முறையாகும்.

பயிற்சி அளித்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று எண்ணுவோர் அறியவேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. 2008இல் அமெரிக்கக் கல்வித் துறை ஓர் ஆய்வை வெளியிட்டது. 6 மாவட்டங்களில் 90 பள்ளிகளைச் சேர்ந்த 270 இரண்டாம் வகுப்பு ஆசிரியர் அதில் பங்கேற்றனர். சில பள்ளிகளில் லெட்டர்ஸ் பாடத்தை ஒட்டிய பயிற்சி மட்டும். சிலவற்றில் அதனோடு பயிற்றுநரின் துணையும். எஞ்சியவற்றில் வழக்கமான ஏற்பாடு. முடிவில் ஆசிரியரின் அறிவு உயர்ந்தது. கற்பிக்கும் முறையிலும் ஓரளவு மாற்றம் தெரிந்தது. பிள்ளைகளின் மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை!

இம்முடிவை ஒளித்துவிட்டுப் பெத்லகேமையும் மிசிசிப்பியையும் மட்டும் புகழ்தல் நேர்மையாகாது. அவ்வாய்வில் பயிற்சி பெற்றவர் ஒரே வகுப்பின் ஆசிரியர். அளிக்கப்பட்டது ஓராண்டுக் காலத்தில். இரண்டாம் வகுப்பில் சரியான முறையைக் காணும் குழந்தை முந்திய ஈராண்டுகளில் ஊகிக்கப் பழகியிருக்கும். பெத்லகேமில் தலைமையாசிரியர் முதல் மழலையர் வகுப்பு வரை வரிசை அமைந்தது. மிசிசிப்பியில் சட்டமும் தேர்வும் பயிற்றுநரும் கல்லூரிப் பாடமும் பல ஆண்டுகள் ஒரே திசையில் இழுத்தன. ஆசிரியர் தலையில் அறிவை ஏற்றிவிட்டு, பழைய நூல்களையும் பழைய மேற்பார்வையையும் அப்படியே விட்டால் அவ்வறிவு வகுப்பறை வாயிலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. ஓர் ஆய்வைக் கொண்டு இதனை அறுதியிட்டுக் கூற இயலாதெனினும், அனுபவமுள்ள ஆசிரியர் எவரும் இதனை மறுக்கமாட்டார்.

ஒலியும் எழுத்துமே வாசிப்பு என்று மறுகோடிக்குச் செல்வதும் பிழை. 1986இல் காஃப், டன்மர் என்னும் இருவர் வாசிப்பை ஒரு பெருக்கற் கணக்காக எழுதினர். சொல்லை எழுத்தின் வழியே அறியும் திறன் ஓர் எண். காதால் கேட்டுப் பொருளுணரும் திறன் மற்றோர் எண். இரண்டின் பெருக்கமே வாசித்துப் பொருளுணர்தல். ஒன்று சுழியானால் விடையும் சுழியே. முதல் எண்ணுக்குப் பள்ளி பொறுப்பு. இரண்டாம் எண் பள்ளிக்கு முன்பே, வீட்டில் கேட்கும் கதையிலும் உரையாடலிலும் வளரத் தொடங்குகிறது. எம்மொழியில் கேட்டாலும் உலகத்தைப் பற்றிய அறிவாக அது குழந்தையிடம் தங்குகிறது. பாட்டி தமிழில் கூறும் கதை ஆங்கிலப் பாடத்துக்கு இடையூறு என்று எண்ணி வீட்டில் அரைகுறை ஆங்கிலம் பேசும் பெற்றோர், இவ்விரண்டாம் எண்ணையே குறைத்துவிடுகின்றனர்.

பெத்லகேமின் கணக்கில் ஒரு பகுதி பெரும்பாலும் பேசப்படுவதில்லை. மாற்றம் மழலையர் வகுப்பிலிருந்து தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலே சென்றது. 2015இல் மாநிலத் தேர்வு எழுதி, நூற்றுக்கு 44 பேர் என்னும் எண்ணிக்கையில் சேர்ந்துபோன மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அது எட்டிப் பிடிக்கவே இல்லை; அவர்கள் ஒவ்வோர் ஆண்டும் அதற்கு முன்னால் சென்றுகொண்டிருந்தனர். தனி உதவி கிடைத்தவர் கற்றிருப்பர். ஏனையோர் 2024ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் அகவையை அடைந்திருந்தனர்.